கூடம் கோணல்தான், மருமவனே

என்ன மருமவனே, டிவியைத் திட்டி முடிச்சாச்சா? இல்ல, இன்னும் பாக்கி இருக்கா? இருந்தா முடிச்சுட்டே வாரும், அவசரம் இல்ல. இப்படித் திண்ணையில உக்காரும். பெரிய அத்தை காப்பி போடுதா.

தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாமியாருக்குன்னு 43 இஞ்சுல டிவி வாங்கிட்டு வந்திருக்காருன்னு தெருவே வந்து பாத்துச்சு. சுவத்துல மாட்டின அழகு என்ன, உம்ம மாமனாரு, அதான் எம் தம்பி, அதுக்குச் சந்தனம் வச்ச அழகு என்ன! அதுக்குப் பொறவு நடந்ததைத்தான் சொல்லவும் முடியல, சிரிக்காம இருக்கவும் முடியல. காலையில ரிமோட்டைக் கையில எடுத்தீரு. மத்தியானம் சாப்பிட்டு இலை எடுத்த பொறவும் டிவியில வைஃபை ஏறாம அந்த வட்டம் சுத்திக்கிட்டுத்தான் கெடந்துச்சு. டிவியைத் திட்டினீரு, கடைக்காரனைத் திட்டினீரு, ஃபைபர் இழுத்துக் குடுத்த பையனைத் திட்டினீரு. மாமனாரை மட்டும் விட்டு வச்சீரு. தலைதீபாவளிங்கதுனால இருக்கும்.

பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனியில மாப்பிள்ளை இருக்காருன்னு எங்க ஆளுக ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சாக. அது பெரிய மெசினுகளைப் பாக்குத வேலையா இருக்கும், சின்னது உம்ம இலாகாவுல வராது போல. வராட்டிப் போவுது. நான் எட்டாங்கிளாசோட நின்னவன். ஆனா காத்துல வாரதைப் பிடிக்குத சோலி எனக்குப் புதுசில்ல வே.

ரேடியோ வச்சிருந்தா போஸ்டாபீசுல போயி லைசென்ஸ் கட்டணும்னு இருந்த காலத்து ஆளு நான். 1975 ஆகஸ்டு 15-ல மெட்ராசுல டிவி ஆரம்பிச்சான்னு பேப்பர்ல போட்டான். போட்டா நமக்கென்ன, அது கோவில்பட்டி வரைக்கும் எட்டல. 1982-ல சிலோன்காரன் ரூபவாகினி ஆரம்பிச்சான் பாரும், அதுக்குப் பொறவுதான் இந்தக் கரிசக்காட்டுல வசதியுள்ளவன் மாடியில எல்லாம் பைப்பு முளைச்சுச்சு. ஏரியலைத் தென்கிழக்கே பாத்துத் திருப்பி வைக்கணும். மாடியில ஒருத்தன் பைப்பைப் பிடிச்சுத் திருகுவான். முத்தத்துல ஒருத்தன், "இப்பத் தெரியுதா?"ம்பான். உள்ள இருக்கவன், "வந்துச்சு, வந்துச்சு... போச்சு!"ம்பான். காத்தடிச்சா மறுபடியும் மொதல்ல இருந்து. சிங்களத்துல செய்தி வாசிச்சாக்கூட வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருந்தோம்.

அந்த ஏரியல் புத்தி எம் தம்பியை இன்னும் விடல. உம்ம மாமனாரு வீட்டு வைஃபை பெட்டியைப் பாத்தீரா? அதுல நிக்குத ரெண்டு கொம்பையும் மடக்கி, நுனியை டிவி இருக்க பக்கமா நீட்டி வச்சிருக்கான். நேத்து ராத்திரி எந்திரிச்சுப் போயி இன்னும் கொஞ்சம் சரிபண்ணி நீட்டியிருக்கான். நீரும் பாத்துட்டு, "சரியா இருக்கு மாமா"ன்னு தலையாட்டினீராமே!

கேளும். மாடியில நின்ன ஏரியலு, நீட்டின திசையில இருந்து வாங்கும். இந்தக் கொம்பு அதுக்கு நேர் எதிரு. இது நெட்டுக்குத்தா நின்னா, தன்னைச் சுத்திப் பக்கவாட்டுல நாலா திசையும் விடும். நுனிக்கு நேரா மட்டும் ஒண்ணும் பெருசாப் போகாது. ஆக நுனியை டிவிக்குக் காட்டி வச்சா, எந்தப் பக்கம் ஒண்ணுமில்லையோ அந்தப் பக்கத்தை டிவிக்குன்னு பாத்துப் பாத்து ஒதுக்கிக் குடுத்திருக்கீங்கன்னு அர்த்தம். ரெண்டையும் நிமித்தி நிறுத்தும். டிவி மாடியில இருந்தா ஒண்ணை மட்டும் படுக்க வைக்கலாம். உமக்கு மாடியே கெடையாது, அதனால அந்த யோசனை வேண்டாம்.

ஆனா அதுக்கு முந்தி, குத்தவாளி யாருன்னு பிரிக்கணும். அதைச் செய்யாமத்தான் வரிசையா எல்லாரையும் திட்டிக்கிட்டு வாரீரு. உம்ம செல்லுல ஹாட்ஸ்பாட் போடும். அதுல 2.4-ன்னு ஒண்ணு கேக்கும், அது என்னன்னு பொறவு சொல்லுதேன், இப்ப அதையே வையும். டிவிக்குப் பக்கத்துல நின்னு, டிவியில அந்தப் பேரைத் தேடி ஏத்திப் பாரும். ஏறிட்டா டிவி நல்லவன். திட்டினதுக்கு ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுக்கிடும். ஏறலைன்னா பில்லை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போம். ஏறிட்டேன்னு அப்படியே படம் பாக்க உக்காந்துறாதீரும். ஹெச்டி-ல ஒரு மணி நேரம் பாத்தா 3 ஜிபி வரைக்கும் தின்னும், 4கே-ன்னா 7 ஜிபி வரைக்கும் போகும். உம்ம செல்லுல ஒரு நாளைக்கே 2 ஜிபிதான். கதாநாயகி வாரதுக்குள்ள டேட்டா முடிஞ்சதுன்னு மெசேஜ் வந்துரும்.

அடுத்து அந்தப் பெட்டி மொகத்தைப் பாரும். எல்ஓஎஸ்னு எழுதியிருக்க லைட்டு சிவப்பா மினுக்குச்சுன்னா வெளியில ஃபைபர் அறுந்து கெடக்குன்னு அர்த்தம். அணிலு கடிச்சிருக்கும், இல்ல வைக்கோல் லாரி இழுத்துட்டுப் போயிருக்கும். அப்ப நீரு வீட்டுக்குள்ள என்ன கரணம் அடிச்சாலும் வேலைக்காகாது. பிஓஎன்னு இருக்க லைட்டு பச்சையா அசையாம எரிஞ்சா, வாசல் வரைக்கும் சரக்கு வந்து நிக்குது. இப்ப எரியுதா? எரியுது. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேக்காதீரும், காப்பி ஆறுது.

அப்ப டிவியும் நல்லவன், வாசல்லயும் சரக்கு நிக்குது. நடுவுல என்ன இருக்கு? வீடு இருக்கு வே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவளை எல்லாரும் சிரிக்காக. உம்ம விசயத்துல கூடம் நெசமாவே கோணல்தான். அதை மட்டும்தான் நீரு இன்னும் திட்டல.

எங்கய்யா காலத்துல கட்டின காரவீடு அது. கல்லும் சுண்ணாம்பும், சுவரு ஒன்றரை அடி. மே மாசத்துல உள்ள படுத்தா வேர்க்காது, அதுக்காகக் கட்டினாரு. வைஃபை போகணும்னு கட்டல. ஃபைபர் பையன் வந்தான், சுவத்துல துளை போட்டுப் பாத்தான், ட்ரில்லு பாதியில சூடாயிப் போச்சு. தார்சாவுல நிலைக்கு மேலயே ரெண்டு ஆணி அடிச்சுப் பெட்டியைத் தொங்க விட்டுட்டுக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். டிவி எங்க? தார்சா தாண்டி, பட்டாசல் தாண்டி, உள்ரூமுல. ரெண்டு சுவரு. ரெண்டு சுவருக்கும் நடுவுல, உம்ம மாமியாரு சீதனமாக் கொண்டுவந்த இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடியோட. சுவரு பாதியைக் குடிக்கும். இரும்பும் ரசம் பூசுன கண்ணாடியும் வந்ததைத் திருப்பி அடிச்சிரும். அதையும் மீறி டிவிக்கு என்ன மிஞ்சும்? அந்த வட்டம்தான் மிஞ்சும்.

பீரோவை நகத்தும்னு நான் சொல்லமாட்டேன். முப்பது வருசமா அது அங்கனதான் நிக்கி. அதுக்குள்ள என்ன இருக்குன்னு எம் தம்பிக்கே முழுசாத் தெரியாது. மருமவன் வந்த ரெண்டாம் நாளே பீரோவுல கைவச்சான்னு பேரு வாங்காதீரும்.

பெட்டியை நகத்தலாம். அது யாரு சீதனமும் இல்ல. ஃபைபர் பையனைக் கூப்பிட்டு, பட்டாசல்ல நடுவாப்புல, ஆளுயரத்துக்கு மேல மாட்டச் சொல்லும். அந்தக் கண்ணாடி இழையை நீரே பிடுங்கி இழுக்காதீரும், மடங்கினா ஒடிஞ்சிரும், பொறவு ஊருக்குப் போகுத வரைக்கும் மாமனாரு மொகத்துல முழிக்க முடியாது. இன்னொண்ணு, எம் தம்பி பொண்டாட்டி அதுக்குப் பூ வேலை போட்ட துணி உறை ஒண்ணு தச்சுப் போட்டிருக்கா பாத்தீரா? அழகாத்தான் இருக்கு. துணி அலையைத் தடுக்காது, சூட்டைத் தடுத்துப் போடும். பெட்டி உள்ள கெடந்து வேகுது. உறையைக் கழத்தும். கழத்தும்போது, "எவ்வளவு அழகாத் தச்சிருக்கீங்க அத்தை, அழுக்காயிரப் போவுதுன்னுதான்"னு ஒரு வார்த்தை சொல்லிக்கிடும்.

எல்லாத்தையும் விட நல்ல வழி ஒண்ணு இருக்கு, அதைச் சொன்னா உம்ம தலைமுறைக்குக் கௌரவக் குறைச்சல். வயரு! பெட்டிக்குப் பின்னால நாலு ஓட்டை இருக்கும், டிவிக்குப் பின்னால ஒண்ணு இருக்கும். கேட்-5இ இல்லன்னா கேட்-6னு லேன் கேபிள் கேட்டா கோவில்பட்டியில எந்தக் கம்ப்யூட்டர் கடையிலயும் அளந்து குடுப்பான். 100 மீட்டர் வரைக்கும் ஓடும், உம்ம மாமனாரு வீட்டைச் சுத்திவந்தாலும் மிச்சம் இருக்கும். பாஸ்வேர்டு வேண்டாம், சுவரு கணக்கில்ல, பீரோ கணக்கில்ல. டிவியில அந்த ஓட்டை அனேகமா 100 எம்பிபிஎஸ்தான், வைஃபை அதைவிட வேகம்னு உம்ம சேக்காளி எவனாவது சொல்லுவான். 4கே படத்துக்கே 15 இருந்தாப் போதும். மிச்ச 85-ஐ வச்சு என்ன செய்யப் போறீரு, வட்டிக்கா விடப் போறீரு? வயரு தெரியும், அசிங்கமா இருக்கும்னு நினைக்கீரு. இந்த வீட்டுக்குக் கரண்டு வந்தப்ப மரச்சட்டம் அடிச்சு அதுமேலதான் வயரை ஓட்டினோம். அதைப் பாக்கவும் ஊரு வந்துச்சு.

வயரு வேண்டாம், ரிப்பீட்டர் வாங்கிப் போடுதேன்ம்பீரு. போடும். வாங்கினவன் எல்லாம் என்ன செய்தான்னா, சிக்னலே வராத ரூமுல கொண்டுபோயிச் சொருகிட்டு, "இதுவும் சரியில்ல"ங்கான். அதுக்கே ஒண்ணும் வரலைன்னா அது எதைத் திருப்பிச் சொல்லும்? பெட்டிக்கும் டிவிக்கும் பாதி வழியில, சிக்னல் இன்னும் சீவனோட இருக்க இடத்துல வைக்கணும்.

சரி, பேருக்கு வருவோம். டிவியில நெட்வொர்க் பட்டியலைத் தொறந்தா உம்ம மாமனாரு பேரு ரெண்டு தடவை வரும். ஒண்ணு வெறும் பேரு, இன்னொண்ணுக்கு 5ஜின்னு ஒரு வாலு. எம் தம்பி அதைப் பாத்துட்டு, "அண்ணாச்சி, நம்ம வீட்டுக்கு 5ஜி வந்துட்டு"ன்னு எங்கிட்ட வந்து சொன்னான். நானும், "சந்தோசம்டா"ன்னுட்டேன். செல்லுல வார 5ஜி வேற, இது 5 கிகாஹெர்ட்ஸ். வேகம் உண்டு, ஆனா சுவரைக் கண்டா மூச்சு வாங்கும். வாலு இல்லாத பேரு 2.4. அது மெதுவாப் போனாலும் சுவரைத் தாண்டிப் போகும். காரவீட்டுக்கு 2.4-தான் தோது. பெட்டியைப் பட்டாசலுக்குக் கொண்டுவந்துட்டீருன்னா 5-ஐயும் ஒரு கை பாக்கலாம். சில டிவிக்கு அந்த 5 கண்ணுக்கே தெரியாது. விலையைக் குறைக்க 2.4 மட்டும் வச்சு அனுப்புதான். அட்டைப்பெட்டியில டூயல் பேண்டுன்னு போட்டிருக்கான்னு பாரும். நீரு அட்டைப்பெட்டியை எங்க பாத்திருக்கப் போறீரு, விலைச்சீட்டைக் கிழிச்சுட்டீரா, மாமனாரு பாக்குத மாதிரி விட்டு வச்சீரா, அதைச் சொல்லும் மொதல்ல.

2.4-ல ஒரு தொல்லை, அது பொதுக்கெணறு. பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத்து எல்லாம் அதுலதான் வந்து நிக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கனதான். இந்தத் தெருவுல எவ வீட்டுலயும் அது கெடையாது. பெங்களூருல நீரு பழைய சோத்தைச் சூடு பண்ணும்போதெல்லாம் படம் நின்னுச்சுன்னா, இப்ப வெவரம் தெரிஞ்சுக்கிடும்.

பாஸ்வேர்டு கூத்தை நான் சன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரிமோட்டுல அம்பை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு எழுத்தாத் தேடிப் போறீரு. "எம்"முக்குப் போகணும், விரலு வேகத்துல "என்"னுக்குப் போயிருது. அழிக்கப் போனா மொத்தமும் அழியுது. உம்ம பொண்டாட்டி ஸ்டிக்கரைப் பாத்து வாசிக்கா, மச்சினன் குறுக்க வாசிக்கான். பெரிய எழுத்தா, சின்ன எழுத்தான்னு கேக்காமலே அடிக்கீரு. அதுக்கு ரெண்டும் வேற வேற வே. பூச்சியமா, "ஓ"-வா? ஒண்ணா, "எல்"-லா? அந்த ஸ்டிக்கர்ல கடுகு சைசுல போட்டிருக்கான், கண்ணாடி போட்டாலும் பிடிபடாது. செல்லுல போட்டோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாத்தாத்தான் தெரியும். நான் அப்படித்தான்... எல்லாரும் அப்படித்தான் பாக்கணும்னு சொல்லுதேன். பாஸ்வேர்டு அடிக்குத இடத்துல ஒரு கண்ணு படம் இருக்கும், அதை அமுக்கினா என்ன அடிக்கீருன்னு தெரியும். யூஎஸ்பி கீபோர்டு ஒண்ணை டிவிக்குப் பின்னால சொருகினா மடமடன்னு அடிச்சிரலாம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரருக்கு நான் கீபோர்டு பத்திச் சொல்லுதேன், காலம்! இல்ல, பெட்டியில டபிள்யூபிஎஸ்னு பொத்தான் இருந்தா டிவியிலயும் அதையே எடுத்து வச்சுக்கிட்டு ஒரு அமுக்கு அமுக்கும். ரெண்டு நிமிசத்துக்குள்ள ரெண்டும் கைகுலுக்கிக்கிடும்.

இவ்வளவுக்கும் பொறவு, "கனெக்ட் ஆயிட்டு, ஆனா இன்டர்நெட் இல்ல"ன்னு சொல்லும். அப்ப அதுல தேதியைப் பாரும். குடோன்ல கெடந்த டிவி என்ன வருசத்துல இருக்கோ! யூட்யூப்காரன் நீட்டுத சான்றிதழுக்கு இன்ன நாள்ல இருந்து இன்ன நாள் வரைக்கும்னு ஆயுசு உண்டு. டிவிக்குள்ள பழைய வருசம் ஓடிச்சுன்னா, அந்தச் சான்றிதழு இன்னும் பொறக்கவே இல்லன்னு நினைச்சுக் கதவைச் சாத்திரும். தேதியும் நேரமும் சரிபண்ணும், இந்தியாவைத் தேர்ந்தெடும். ரிமோட்டுல அணைக்கதும் அணைக்கது இல்ல, அது கண்ணை மூடிக் கெடக்கு, அவ்வளவுதான். சுவத்துச் சுவிட்சை அமத்திட்டு ஒரு வெத்தலை போடுத நேரம் விடும். பெட்டியை மொதல்ல போட்டு, லைட்டெல்லாம் ஒரு நிலைக்கு வந்த பொறவு டிவியைப் போடும். கரண்டு போயிட்டு வந்தாலும் அதே முறைதான். டிவி சீக்கிரம் முழிச்சுக்கிடும், பெட்டி சோம்பேறி.

ஏறினதும் பக்கம் பக்கமா எதையோ காட்டி, "எல்லாத்துக்கும் சம்மதமா?"ன்னு கேக்கும். நீரு படிக்காமலே "ஆமா, ஆமா"ன்னு அமுக்குவீரு. கல்யாணத்துலயும் அப்படித்தான் தலையாட்டினீரு, நான் பாத்தேன். 2006 தேர்தல்ல சொல்லிக் குடுத்தாங்களே இலவசக் கலர் டிவி, அது எங்கிட்டச் சம்மதம் எதுவும் கேக்கல, ரேஷன் கார்டைத்தான் கேட்டாக. இது அப்படி இல்ல. நாம அதைப் பாக்க, அது நம்மளைப் பாக்கும். அமெரிக்காவுல விசியோன்னு ஒரு டிவி கம்பெனி, சனங்க என்ன பாக்காங்கன்னு 1.1 கோடி டிவியில இருந்து சொல்லாமக் கொள்ளாமக் கணக்கெடுத்துச்சு. 2017-ல அங்க உள்ள சர்க்கார் பிடிச்சுக்கிட்டான், 22 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாப் போச்சு. உம்ம மாமியாரு என்ன சீரியல் பாக்காங்கிறது சத்தத்துலயே மூணு வீட்டுக்குத் தெரியும், அது வேற சங்கதி. ஆனா "பாக்குத வெவரத்தை அனுப்பட்டுமா", "அதுக்கேத்த வெளம்பரம் போடட்டுமா"ன்னு கேக்குத இடத்துல எல்லாம் வேண்டாம்னு போடும். அதனால படம் ஒண்ணும் நிக்காது.

கடைசியா ஒரு சங்கதி. சத்தம் போடாம, இன்னும் கொஞ்சம் கிட்ட வாரும். ஸ்டிக்கர்ல இருக்க பாஸ்வேர்டை மாத்திப் போடும். ஃபைபர் பையன் பெட்டி மாட்டுன அன்னைக்கு ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் போனவன் வந்தவன் எல்லாம் அதைப் பாத்திருப்பான். பிரவுசர்ல 192.168.1.1 மாதிரி ஒரு நம்பரு, அதுவும் ஸ்டிக்கர்லயே இருக்கும், அதை அடிச்சா உள்ள போகலாம். அங்க யாரு யாரு செல்லு ஏறியிருக்குன்னு ஒரு பட்டியல் வரும். உம்ம மாமனாரு செல்லு, மச்சினன் செல்லு, உம்ம பொண்டாட்டி செல்லு. அதுக்குக் கீழ யாருன்னே தெரியாத ஒரு பழைய செல்லு இருக்கும். தார்சாச் சன்னலுக்கு நேர் எதுத்தாப்புல ஒரு திண்ணை இருந்தா, நடுவுல சுவரும் இல்லாம பீரோவும் இல்லாம அங்க எப்படி எடுக்கும்னு நீரே கணக்குப் போட்டுப் பாரும். ஆடி மாசத்துல இருந்து நாலு கோடும் முழுசா எடுக்கு வே.

அந்தச் செல்லைத் தட்டி விட்டுறாதீரும். எம் தம்பிகிட்டக் காட்டவும் வேண்டாம். சாயந்திரத்துக்குள்ள நான் கூட நின்னு டிவியை ஓட வச்சுத் தாரேன், மாப்பிள்ளையே சரிபண்ணிட்டாருன்னு தெருவுல நானே சொல்லுதேன். சம்மதம்னா எந்திரியும், ஏணி பின்னால சாத்தி இருக்கு. புதுசா வைக்கிற பாஸ்வேர்டுல மட்டும் பூச்சியமும் "ஓ"வும் வேண்டாம், எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது.